பழைய சிறுவர் திடல்: பெயின்ட் போதுமா, புதுசாகப் போடணுமா?

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) அளவுக்குச் சிறுவர் விளையாடும் இடம் இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு மரம், சீசா, ராட்டினம் எல்லாம் 20 வருடப் பழசு. மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். இப்போது புதுப்பிக்கப் போகிறார்கள். பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள் சிலர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரப்பர் தரையும் பெரிய பிளாஸ்டிக் செட்டும் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். மதிப்பீடு போடும் முன் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள். முதல் வேலை, ஒவ்வொரு தூணின் அடியிலும் அரை அடி தோண்டிப் பார்ப்பது. கடல் பக்கத்தில் இருக்கும் உங்கள் பகுதியில் உப்புக்காற்று இரும்பை எங்கும் அரிக்கும். ஆனால் தூணைச் சாய்ப்பது மண்ணும் கான்கிரீட்டும் சேரும் அந்த இரண்டு அங்குலம்தான். ஈரம் தங்குவதும் காற்று படுவதும் அங்கேதான். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போனது சொத்தென்று அடங்கிவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தூணைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்துவிடுங்கள். மேல் பாதியை வைத்துக்கொண்டு அடியில் துண்டுக் குழாய் வைத்து வெல்டிங் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அடுத்த துரு அந்த ஒட்டிலேயே தொடங்கும்.

அடி கெட்டியாக இருக்கும் சாமான்களுக்கு மட்டும் பெயின்ட். அதிலும் ஒரு எச்சரிக்கை. வீட்டு, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பழைய பூச்சு அதற்கு முந்தையது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மணலில் விழும், குழந்தை கையோடு வாய்க்குப் போகும். அடியில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இடக் கணக்கு. கேட்டலாக் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஊஞ்சலின் மேல் குழாய் தரையிலிருந்து 2.1 மீட்டர் என்றால், குழந்தை பறந்து விழும் தூரத்துக்காக முன்னால் 4.2, பின்னால் 4.2 மீட்டர் காலியாக விட வேண்டும். இரண்டு பலகை தொங்கும் ஊஞ்சல் சட்டம் (ஃபிரேம்) 3 மீட்டர் அகலம், பக்கத்துக்கு 1.8 மீட்டர் என்றால் 6.6. ஆக 8.4-க்கு 6.6 மீட்டர், கிட்டத்தட்ட 600 சதுர அடி. இரண்டே இரண்டு ஊஞ்சலுக்கு உங்கள் கிரவுண்டில் கால்வாசி போய்விட்டது. அதனால் ‘பத்து விளையாட்டு ஒரே செட்டில்’ என்ற பேச்சை ஓரம் கட்டுங்கள். அந்த ஒரு ஊஞ்சல் சட்டம், ஒன்றரை மீட்டர் உயரச் சறுக்கு மரம் ஒன்று, ஒரு சீசா, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு மூலை, அவ்வளவுதான். ராட்டினத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மணலும் உப்பும் சேர்ந்து பேரிங் சீக்கிரம் இறுகும். தட்டுக்கும் தரைக்கும் நடுவே கால் மாட்டுவது வேறு.

இனி தரை. பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் ரப்பர் டைல் ஒட்டினால் அடியில் ஈரம் தேங்கிப் பசை விடும், ஓரம் தூக்கும், தூக்கிய ஓரத்தில் பிள்ளைகள் தடுக்குவார்கள். மே மாத மதியத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் கீழே 30 செ.மீ. கழுவிய ஆற்று மணல் போதும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டவே வேண்டாம். அதன் மணி கூரானது, தூளும் கலந்திருக்கும். இரண்டு மழையில் சிமென்ட் தரை போல இறுகிவிடும். கடற்கரை மணலில் உப்பு, தூணை அது தின்னும். மேலே சொன்ன ஊஞ்சல் பரப்புக்கு மட்டும் சுமார் 590 கன அடி, அதாவது 6 யூனிட் மணல். மதிப்பீட்டில் 2 யூனிட் என்று இருந்தால் அது மேலே தூவுவதற்கு.

மணலுக்குக் குழி வெட்டக் கூடாது. அக்டோபர், நவம்பரில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும் ஊரில் குழி குளமாகும், உறிஞ்சு கிணறும் அப்போது உறிஞ்சாது. திடலைச் சாலையைவிட ஒரு அடி உயர்த்தி, சுற்றிலும் முனை மழுக்கிய கர்ப் (விளிம்புச் சுவர்) கட்டுங்கள். அடியில் 15 செ.மீ. கனத்துக்கு 20 மி.மீ. ஜல்லி, நடுவே துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாய் 100-க்கு 1 சரிவில், ஜல்லிமேல் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் செயற்கைத் துணி), அதன்மேல் மணல். துணியை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிக் குழாயை அடைக்கும். குழாயின் வாய், தெரு மழைநீர் வடிகாலில் மழைக்காலத்தில் நிற்கும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லையென்றால் சாக்கடை உங்கள் மணலுக்குள் திரும்பி வரும்.

பூனை, நாய் தொல்லைக்குத் தானாக மூடும் கேட், தினம் ஒருமுறை மணலைக் கிளறி வெயில் காட்டுவது. கேட் 90 செ.மீ. அகலமும் சாய்தளம் 12-க்கு 1-ம் இருந்தால் சக்கர நாற்காலி உள்ளே வரும். அது வரும் பாதைக்கு மட்டும் கெட்டித் தரை.

சாமான் விவரத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள். தூண், மீடியம் கிளாஸ் (நடுத்தரக் கனமுள்ள) இரும்புக் குழாய். வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே துத்தநாகத்தில் முக்கியெடுக்க வேண்டும். பூச்சு 65 மைக்ரானுக்குக் குறையாமல், அளவுக் கருவியால் சரிபார்த்துத் தர வேண்டும். தளத்தில் போல்ட் மட்டுமே, அதுவும் உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர். அஸ்திவாரக் கான்கிரீட்டின் தலை மணல் மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக. சறுக்கு மரம் வடக்கு அல்லது கிழக்கு பார்த்து. மேற்கு பார்த்த தகடு மாலை நான்கு மணிக்குத் தோசைக்கல். ஃபைபர் வேண்டாம், வெயிலில் மேல்பூச்சு போய்க் கண்ணாடி நார் தொடையில் குத்தும். ஊஞ்சல் பலகை ரப்பராக, மணலிலிருந்து 35 முதல் 40 செ.மீ. உயரத்தில். நிழலுக்குப் பூவரசும் புன்னையும் உப்பைத் தாங்கும். அரளி விஷம், திடல் பக்கமே கூடாது.

மண் வேலையும் கான்கிரீட்டும் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். கடைசி பில் கையெழுத்தாகும் நாளில் மூன்று பொருளோடு போங்கள். ஒரு 5-ஆம் எண் கால்பந்து, 9 செ.மீ. அகல மரக்கட்டை, ஒரு கம்பி. கட்டை நுழைந்து பந்து நுழையாத இடுக்கு எதுவானாலும், அங்கே குழந்தையின் உடம்பு போகும், தலை மாட்டும். அடைத்துத் தரச் சொல்லுங்கள். கம்பியை மணலில் நான்கு இடத்தில் இறக்கி அளந்து பாருங்கள். 30 செ.மீ. சரியாக இருந்தால் அந்த மட்டத்தில் தூண்களைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். பின்னால் மணல் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், பூங்காக் காவலரே பார்த்துச் சொல்லிவிடுவார்.