தீவில் வீடு வாங்கும் முன் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் பர்மிங்ஹாமில் வசிக்கிறோம். நான் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையில் நர்ஸ். கணவருக்கு வீட்டிலிருந்தே செய்யும் மென்பொருள் வேலை. மகளுக்கு 12 வயது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். போன ஜூலையில் ஸ்காட்லாந்தின் எக் தீவுக்குப் போய் வந்தோம். அதிலிருந்து, இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குடியேறுகிறவர்களுக்கு அரசு 50,000 பவுண்டு தருகிறதாமே, உண்மையா?

பதில்: அப்படி ஒரு திட்டத்தை ஸ்காட்லாந்து அரசு 2021-ல் அறிவித்தது உண்மைதான். ஆனால் 2022-லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கணக்கில் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீட்டையும் இப்போதைக்கு விற்க வேண்டாம்.

உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, எந்தத் தீவு என்பதை மகளின் பள்ளிக்கூடம்தான் தீர்மானிக்க வேண்டும். எக் அருமையான ஊர். அங்குள்ளவர்கள் 1997-ல் தீவையே விலைக்கு வாங்கி, 2008 முதல் காற்றாலை, நீர்மின்சாரம், சூரிய ஒளி மூன்றையும் இணைத்துத் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்தான் என்று அவர்களே வரம்பும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே இருப்பது தொடக்கப் பள்ளி மட்டும். உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் கப்பலேறி, பெருநிலத்தில் உள்ள மல்லெய்க் போய், வார நாட்களில் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது உடனே வரும். குடும்பமாக வாழத் தீவுக்குப் போய், போன கையோடு பிள்ளையை விடுதியில் விடுவது உங்களுக்குச் சம்மதமா?

சம்மதமில்லை என்றால் பார்க்க வேண்டிய ஊர்கள் வேறு. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே, அதற்குத் தெற்கே பென்பெக்குலா, பாரா, இன்னும் டைரீ, ஐலா எல்லாவற்றிலும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இங்கிலாந்தின் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ. ஸ்காட்லாந்தில் கிடையாது, நேஷனல் 5, ஹையர் என்று வேறு தேர்வுகள், வேறு பாடமுறை. அதனால் போவதென்றால் 14 வயதுக்குள் மாற்றிவிடுவது அவளுக்கு நல்லது.

இந்தப் பட்டியலில் ஸ்டோர்னோவேயும் பென்பெக்குலாவும்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டிலும் மருத்துவமனை இருக்கிறது, அதாவது உங்களுக்கு வேலைக்கு வாய்ப்பும் இருக்கிறது. வேலை உத்தரவு கைக்கு வராமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் இன்னும் வேலை விசாவில் இருந்தால், புதிய முதலாளி மறுபடி ஸ்பான்சர் செய்ய வேண்டும். ஸ்காட்லாந்துக்கென்று தனி விசா எதுவும் இல்லை. கணவர், பார்த்திருக்கும் வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டு அங்கே பிராட்பேண்ட் வேகம் என்ன என்று சரிபார்க்கட்டும். தீவுக்குப் பொதுவாக என்ன வேகம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே சாலையில் வீட்டுக்கு வீடு மாறும்.

மாமியார் விஷயத்தை நிதானமாக யோசியுங்கள். அன்றாடச் சிகிச்சைக்கு ஸ்டோர்னோவே மருத்துவமனை போதும். இதயக் குழாய் அடைப்பை நீக்குவது போன்றவற்றுக்கு இன்வர்நெஸ் அல்லது கிளாஸ்கோ போக வேண்டும். பயணச் செலவைத் திரும்பத் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் பனிமூட்டத்தில் விமானம் நின்றால், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவருடைய இதய மருத்துவரிடம், "பக்கத்து நகரம் விமான தூரத்தில் இருந்தால் பரவாயில்லையா?" என்று நேராகவே கேளுங்கள். அவர் தயங்கினால் இந்த யோசனையைத் தள்ளிப்போடுவதே சரி.

நீங்கள் பார்த்தது ஜூலை மாதத்துத் தீவு. டிசம்பர் கடைசியில் ஸ்டோர்னோவேயில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும்; பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். புயல் வரிசையாக வரும். பெருநிலத்துத் துறைமுகமான அல்லபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்குச் சாதாரணமாக இரண்டே முக்கால் மணி நேரத்தில் வரும் கப்பல், புயல் நாளில் காற்று பலத்தால் புறப்படாது. அடுத்த நாளும் வரவில்லை என்றால் கடையில் முதலில் பால், ரொட்டி, காய்கறித் தட்டுகள் காலியாகும். அதனால்தான் அங்கே பல வீடுகளில் பெரிய ஃப்ரீசர் வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும், கையால் இறுகப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். பழக்கமில்லாமல் சட்டென்று திறந்தால், கதவு கீலோடு மடங்கிவிடும்.

ஊர்ப் பழக்கத்திலும் தீவுக்குத் தீவு வித்தியாசம் உண்டு. லூயிஸில் ஞாயிறு ஓய்வு நாள் என்பது இன்றும் பலருக்கு ஆழ்ந்த நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைக் கப்பலே 2009-ல்தான் வந்தது. ஸ்டோர்னோவேயின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் ஞாயிறு திறந்தது 2024-ல். கத்தோலிக்கர் அதிகமுள்ள தெற்கு யூஸ்ட், பாரா பக்கம் அவ்வளவு கண்டிப்பில்லை. வெளியாட்கள் என்று ஒதுக்குவார்களோ என்ற பயம் வேண்டாம். பாகிஸ்தான் வழிவந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக ஸ்டோர்னோவேயில் வாழ்கின்றன. 2018-ல் அங்கே ஒரு மசூதியும் திறக்கப்பட்டது. ஆள் குறைந்துவரும் ஊர்களில், தங்கப்போகும் நர்ஸையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் மனதார வரவேற்பார்கள்.

பண விஷயத்தில் சுருக்கமாகச் சில. கணவரின் கம்பெனி இங்கிலாந்தில் இருந்தாலும், வசிப்பது ஸ்காட்லாந்தில் என்றால் அங்குள்ள வருமான வரிதான். 43,662 பவுண்டுக்கு மேல் 42 சதவீதம். மறுபக்கம், மருந்துச் சீட்டுக்குக் கட்டணமில்லை; வசிப்பு நிபந்தனைகள் நிறைவேறினால், பின்னாளில் மகள் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். பர்மிங்ஹாம் வீட்டை வைத்துக்கொண்டே அங்கே இன்னொன்று வாங்கினால் விலையில் 8 சதவீதம் கூடுதல் வரி வரக்கூடும், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "கிராஃப்ட்" எனப்படும் சிறு விவசாய நிலத்தோடு மலிவாக விற்பனைக்கு வரும் வீடுகளைப் பார்த்து அவசரப்படாதீர்கள். அந்த நிலத்தில் பயிர் அல்லது கால்நடை வைத்து, 32 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. கிராஃப்ட் சட்டத்திலிருந்து விடுவிக்காத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

ஆகவே, வேலை கிடைத்ததும் அக்டோபர் முதல் மார்ச் வரை ஸ்டோர்னோவேயிலோ பென்பெக்குலாவிலோ வாடகைக்கு இருங்கள். பர்மிங்ஹாம் வீட்டை அதுவரை வாடகைக்கு விடலாம். ஆண்டு முழுதுக்கும் வாடகை வீடு கிடைப்பது அங்கே குதிரைக்கொம்பு. ஆனால் கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடுகளில் சில, குளிர்காலத்தில் மாத வாடகைக்கு வரும். தற்காலிகத் தங்குமிடம் தர முடியுமா என்று நேர்காணலிலேயே மருத்துவமனையிடமும் கேளுங்கள். அக்டோபரில் வீடு வேண்டுமென்றால் கோடையிலேயே விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள்.