வக்கூம் கிளீனருக்கு எந்தப் பை? கேள்வி பதில்

கல்லடி: அண்ணா, புதுக் கடதாசிப் பை போட்டாலும் சில நாளில் இழுவை குறைகிறது. பை பாதிகூட நிறையவில்லை. மோட்டர் பழுதா?

பெரும்பாலும் மோட்டரில் குற்றமில்லை. கடற்கரை மணல் கனமானது, பையின் அடியில் தங்கிவிடும். சாம்பல், சீமெந்துத் தூள், முகப் பவுடர் மாதிரி நுண்தூள் கடதாசியின் உட்பக்கத்தில் மாவாகப் படிந்து துளைகளை மூடிவிடுகிறது. இன்னொரு புதுப் பை போட்டுப் பாருங்கள். இழுவை திரும்பினால் காரணம் பைதான். அடைத்த பையோடு தொடர்ந்து ஓட்டாதீர்கள். பைக்குள்ளால் போகும் காற்றுத்தான் மோட்டரையும் குளிர்விக்கிறது.

காத்தான்குடி: கழுவிக் கழுவிப் பாவிக்கலாமென்று துணிப் பை வாங்கினேன். கூட்டும்போது அறையே தூசு மணக்கிறது. மகனுக்குத் தொய்வு இருக்கிறது.

இன்றைக்கே மாற்றிவிடுங்கள், தங்கச்சி. துணி நெசவின் இடைவெளிக்குள்ளால் நுண்தூசு புகுந்து பின்பக்கத்தால் அறைக்கே வருகிறது. பையை உதறும்போது இன்னும் மோசம். பல அடுக்குச் செயற்கை நார்ப் பை வாங்குங்கள். ஹெப்பா என்பது நுண்தூசு வடிகட்டிகளுக்கான தரம். அதில் எச்13 என்றால், பிடிக்க மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கவேண்டும். ஆனால் பையின் வாய் ரப்பர் வளையத்தில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் அந்தத் தரத்தால் பயனில்லை. அதைக் கழுவவும் கூடாது.

கல்முனை: அவ்வளவு நன்றாக வடிகட்டினால் காற்று அடைபடாதா அண்ணா?

நல்ல கேள்வி. நடு அடுக்கில் இருப்பது பொலிப்ரொப்பிலீன் நார், ஒவ்வொன்றும் சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புத்தான். அவை நெருக்கமில்லாமல் பஞ்சுபோலக் கிடப்பதால் தூசு மேற்பரப்பில் மட்டும் தங்காமல் தடிப்பு முழுக்கப் பரவுகிறது. காற்றுக்கு வழி மிஞ்சுகிறது. நாரில் மின்னேற்றமும் ஏற்றியிருப்பார்கள். அது துகளை இழுத்துப் பிடிப்பதால் துளையைச் சிறிதாக்கத் தேவையில்லை. பெரிய துகள் நாரில் மோதும், மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து ஒட்டிக்கொள்ளும். 0.3 மைக்ரோன் அளவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும், மின்னேற்றம் உதவுவதும் அங்கேதான். ஆகவே புதுப் பையின் இழுவையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாதி நிறைந்த பை எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். அங்கே கடதாசி தோற்றுவிடும்.

மருதமுனை: தறிக் கொட்டிலில் நூல் தும்புதான் அதிகம்.

கடதாசிப் பையே போதும், வீண் செலவு வேண்டாம். தும்பு துளையை அடைப்பதைவிடப் பையைச் சீக்கிரம் நிரப்பும். குழாய் வாயைத்தான் அடிக்கடி பாருங்கள்.

சம்மாந்துறை: அரிசி ஆலையில் தவிட்டுத் தூசு எடுக்கலாமா?

வீட்டு மெஷினால் வேண்டவே வேண்டாம். காற்றில் மிதக்கும் தவிட்டுத் தூசு தீப்பொறி பட்டால் பற்றி வெடிக்கக்கூடியது, இந்த மோட்டரோ பொறி தட்டும். எந்தப் பை போட்டாலும் அந்த ஆபத்து நீங்காது. எரியும் தூசுக்கென்று செய்த மெஷினே வேண்டும்.

மட்டக்களப்பு நகரம்: மாரியில் பை ஈரமானால் காயவைத்துப் போடலாமா?

கடதாசி என்றால் அடிப்பக்கம் கிழிந்து தூசு முழுக்க மோட்டருக்குள் போகும். செயற்கை நார் கிழியாது, ஆனால் ஈரத் தூசு ஒட்டி அடைத்துப் பூஞ்சணமும் பிடிக்கும். இரண்டையும் எறிந்துவிடுங்கள். மார்கழியில் தரை உலர்ந்த பிறகு மட்டும் மெஷினை எடுங்கள், மற்ற நாளைக்குத் தும்புத்தடி போதும்.