பக்கத்து வீட்டு அக்காவிடம் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி: ஆந்திராவின் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறோம். பக்கத்து வீட்டு அக்கா கால் எலும்பு முறிந்து, புத்தூரில் எலும்புக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். மதியச் சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கும் குடும்பம். அவருக்குச் சுவிசேஷம் சொல்ல ஆசை. "நரகத்தைப் பற்றிச் சொன்னால்தான் கேட்பார்கள்" என்கிறார்கள் சபையில் சிலர். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: அப்படிப் பேச வராதது நல்லதுதான், சகோதரி. அந்த அக்காவால் இப்போது எழுந்து போக முடியாது. அந்த நிலையில் இருப்பவரைப் பயமுறுத்தினால், வாயடைக்க வைக்கலாம். நம்ப வைக்க முடியாது.

முதலில் சாப்பாட்டையும் சுவிசேஷத்தையும் பிரித்து வையுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாளைக்கும் சாப்பாடு வரும் என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். தட்டை நீட்டியபடியே பேச்சைத் தொடங்காதீர்கள். நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மத நம்பிக்கையைப் பரப்பும் உரிமை தருகிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டமே இல்லாவிட்டாலும் உதவியைக் காட்டி ஒருவரை இழுப்பது கிறிஸ்துவின் வழி இல்லை.

சரி, என்ன பேசுவது? அனுமதி கேளுங்கள். "அக்கா, இயேசு சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால், "சரிக்கா" என்று பாவு நூல் விலையைப் பேசுங்கள். சொல் என்றால், லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இளைய மகன் கதையைச் சொல்லுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கைக் கேட்டு வாங்கிப் போகிறான். எல்லாம் அழிந்து, பஞ்சத்தில் பன்றி மேய்க்கிறான். கூலிக்காரனாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என நினைத்துத் திரும்பி வருகிறான். அப்பாவோ தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். அந்தக் கெஞ்சலை அவன் சொல்லி முடிப்பதற்குள் புது உடுப்பு, மோதிரம், செருப்பு எல்லாம் கொண்டுவரச் சொல்கிறார். கோபித்து வெளியே நிற்கும் மூத்த மகனை விட்டுவிடாதீர்கள்; அவனையும் அப்பாவே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அதோடு நிறுத்துங்கள். அர்த்தம் சொல்லாமல் அக்காவைப் பேச விடுங்கள். சொத்துத் தகராறோ பிள்ளையின் கோபமோ இல்லாத வீடு ஏது? அவர் பேசுவார்.

இன்னும் கேட்டால், அப்போஸ்தலர் பவுல் 1 கொரிந்தியர் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் சுருக்கிச் சொன்னது போதும்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அப்புறம் இயேசு உங்கள் வாழ்க்கையில் செய்ததைக் கூட்டாமல் இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். விசுவாசித்தால் கால் சீக்கிரம் கூடிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முருகனைக் குறைவாகப் பேசவும் வேண்டாம்.

பாவம், நியாயத்தீர்ப்பு பற்றிப் பேசவே கூடாதா என்றால், பேசலாம், வேதத்தில் இருக்கிறது. அவர் கேட்கும்போது, உங்களையும் அதில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் பயத்துக்கு மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஐசுவரியவானான ஒருவன் இயேசு சொன்னதைக் கேட்டுத் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவன்மேல் அன்புகூர்ந்தார் என்றே எழுதியிருக்கிறது; ஆனாலும் துரத்திப் போகவில்லை. பதிலை வாங்கித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை, சொல்வது மட்டும்தான்.

ஜெபம் செய்வதானாலும் கேட்டுவிட்டு, அவருக்குப் புரியும் பேச்சில் சுருக்கமாகச் செய்யுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். வாசிக்க ஏதாவது கேட்டால் துண்டுப் பிரசுரக் கட்டு எதற்கு, லூக்கா சுவிசேஷம் ஒன்று போதும். உங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் பள்ளியில் தெலுங்கு படித்திருப்பார்கள். எந்த எழுத்து சுலபம் என்று கேட்டு வாங்குங்கள்.