ஷெல்லடிக்குள் வளர்ந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதைய பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். பதினாறு வயது மகளிடம் போனை வாங்கி வைத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். "நாங்கள் எவ்வளவைத் தாண்டி வந்தோம், இதுகளுக்கு ஒரு போன் இல்லையென்றால் உலகமே இருண்டுவிடுகிறதே" என்கிறார்.

அக்கா, நானும் உங்கள் கூட்டம்தான். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது எனக்குப் பதின்மூன்று வயது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று போய், அடுத்த மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தோம். அதனால் சொல்கிறேன், "ஒன்றும் ஆகவில்லை" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். தகரக் கூரையில் மாங்காய் விழுந்தால் இன்றைக்கும் நான் யோசிக்க முன்னம் என் உடம்பு குந்திவிடும். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேருக்குப் பின்னேரம் ஆனால் சாராயம் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நாட்களில் எங்களை ஏதோ ஒன்று தாங்கியது. அது என்ன?

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்தபோது பல பிள்ளைகளைப் பாதுகாப்புக்காக நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்கான விடுதி நடத்திய அன்னா பிராய்ட், டொரொத்தி பர்லிங்கம் என்ற இரண்டு பெண்கள் தாங்கள் கண்டதை 1943இல் எழுதினார்கள். தாயோடு குண்டுக்குள் இருந்த பிள்ளையைவிட, தாயைப் பிரிந்து பத்திரமான இடத்துக்குப் போன பிள்ளைதான் கூடக் குலைந்துபோனதாம். தாய் பதறினால் பிள்ளையும் பதறியது. தாய் நிதானமாக இருந்தால் பிள்ளையும் ஓரளவு நிதானமாக இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தார். இரணைப்பாலையில் பங்கருக்குள் என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பார். வெளியே ஷெல் கூவிக்கொண்டு போகும். நான் நெளிந்தால், "அசையாதை, ஒண்டு அம்பிடுது" என்பார். அவருக்கும் பயம்தான், விரல் நடுங்கியது எனக்குத் தெரியும். ஆனால் பேன் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இப்போது என் அக்காவின் மகனுக்கு வருகிறேன். 2010இல் செட்டிக்குளம் முகாமில் பிறந்தவன். அத்தான் கத்தாரில். அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார். விடிய ஐந்தரைக்கு பஸ், ஓவர் டைம் இருந்தால் திரும்பி வர இரவு எட்டு மணி. பழைய கதியால் வேலியில் பொட்டு இருந்தது, அதால் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போவோம், அங்கேயே சாப்பிட்டும் விடுவோம். இப்போது மதில் கட்டியாயிற்று. பள்ளிக்கூடம் முடிந்தால் ரியூசன், ரியூசன் முடிந்தால் ஆளில்லாத வீடு.

போன் அவன் கேட்டு வந்ததல்ல. 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடம் வாட்ஸ்அப்பில் வந்ததால் அக்கா சீட்டுக்காசில் வாங்கிக் கொடுத்தார். சிக்னல் தேடி வாய்க்கால் கட்டில் நின்று படித்தான். பள்ளிக்கூடம் திறந்தது, போன் அவன் கையிலேயே தங்கிவிட்டது. அதில் வேண்டாத குப்பை எல்லாம் வருகிறது, இரவு ஒரு மணிவரை முழித்திருக்கிறான், எல்லாம் உண்மை. ஆனால் அவனுடைய அப்பாவும் அதற்குள்தான் இருக்கிறார். "போனைப் பறித்து வை" என்று மேடையில் நின்று புத்தி சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் முகத்தைக் கல்லுப்போல வைத்திருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், சிணுங்கும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதினைந்து வயதுப் பெடியனைக் குழந்தையோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்து, "படிச்சனியே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, தானும் போனை எடுத்துக்கொண்டு சாயும் அக்காவைப் பார்த்தால் எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும். அவரைக் குற்றம் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று தைத்தவருக்கு முகத்தில் என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் அடி தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது ஒரு ஆணியில் தொங்குகிறது. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் பை: அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முகாம் அட்டை, காணி உறுதி, அம்மம்மாவின் படம். ஓடவேண்டி வந்தால் எடுக்கவென்று. அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. போன வருடம் கரண்ட் போன ஒரு இரவு அவன் தானாகக் கேட்டான். அக்கா மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவன் சொன்னது: "எல்லார் வீட்டிலயும் இப்பிடி ஒரு பை இருக்குமெண்டு நினைச்சன்."

அன்றைக்குப் பன்னிரண்டு மணிவரை கதைத்தார்கள். போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதற்காக அடுத்த நாளே அவன் மாறிவிடவில்லை, இன்னும் முழித்துத்தான் இருக்கிறான். ஆனால் இப்போது அக்கா வந்ததும் பத்து நிமிடம் குசினிப் படியில் வந்து குந்துகிறான். மார்க்ஸ் பற்றிக் கேட்கக்கூடாது என்பது நான் அக்காவிடம் வாங்கிய சத்தியம்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். போனைத் திருப்பிக் கொடுங்கள், இரவில் மட்டும் உங்கள் போனோடு சேர்த்து ஹோலில் வையுங்கள். உங்களுடையதும் வெளியே இருந்தால்தான் அது எடுபடும். சாப்பாடு, நித்திரை இரண்டு வாரமாகக் குழம்பினாலோ, தோழிகளை விட்டு ஒதுங்கினாலோ மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்; நடிப்பு என்று விடாதீர்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். அப்படி ஏதும் சொல்லாத நிலையில், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் எடுத்துக் கதையுங்கள், மகளைப் பிறகு கூட்டிப் போகலாம்.