சர்வதேசப் பொருளாதாரச் சட்டத்துல எல்.எல்.எம். படிச்சா வேலைக்காவுமா?

கேட்டவரு சட்டப்படிப்பு கடைசி வருஷமாம், எகனாமிக்ஸ் தெரியாதாம். நான் காசிமேடு, இதே பாடத்தை, அதான் நாடுங்களுக்கு நடுவுல நடக்குற வியாபாரம், முதலீட்டுக்கான சட்டத்தை, மெட்ராஸ்லயே ரெண்டு வருஷம் படிச்சவன், அதனால சொல்றேன்.

சேர்ந்தப்போ எங்க நைனா, "இன்னாடா படிப்பு இது, ஒரு ஜாமீன் எடுக்கவாவது உதவுமா"ன்னாரு. மொத செமஸ்டர்ல எனக்கும் ஒண்ணும் மண்டையில ஏறல. அப்புறம் எறா-ஆமை கேஸ் வந்துச்சு பாருங்க, 1996ல இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நாலும் சேந்து அமெரிக்கா மேல டபிள்யூ.டி.ஓ.ல, அதான் உலக வர்த்தக அமைப்புல, போட்டது, வலைக்குள்ள ஆமை தப்பிச்சிப் போற கம்பி வெக்காத நாட்டு எறா எங்களுக்கு வேணாம்னு அவன் சொல்லிட்டான், அதான் சண்டை. 1998ல மேல்முறையீட்டுல என்னா சொன்னாங்கன்னா, ஆமையைக் காப்பாத்த சட்டம் போட்டதுல தப்பில்ல, ஆனா கரீபியன் பக்கத்து நாடுங்களுக்கு மூணு வருஷம் டைம் குடுத்துட்டு மத்தவங்களுக்கு நாலே மாசம் குடுத்தது ஓரவஞ்சனைன்னு. இதை நைனாகிட்ட சொன்னேன், வலை பின்னிகினே கேட்டுட்டு, "அந்தக் கம்பிய வெச்சா எறாவும் சேந்து பூடும், அத எழுதுனாங்களா?"ன்னாரு. அன்னிக்குத்தான் இந்தப் பாடம் எனக்குப் புடிச்சிது.

ஒரு கடுப்பு மட்டும் இருக்கு. அந்த மேல்முறையீட்டு அமைப்புக்கு புது ஆளுங்களைப் போட விடாம அமெரிக்கா தடுத்து, 2019 டிசம்பர்லேர்ந்து அது படுத்தேகிடக்கு. எங்க நோட்ஸ்ல அது குத்துக்கல்லாட்டம் உக்காந்து தீர்ப்பு குடுத்துகினு இருந்துச்சு. சேரப்போற இடத்துல இதைக் கேட்டுப் பாருங்க, முழிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க.

வேலைன்னா, டபிள்யூ.டி.ஓ. கேஸ் போடுறது நாடுங்கதான், நீங்களும் நானும் இல்ல. வெளிநாட்டுக்காரன் அவன் ஊர் வெலையவிட கம்மியா இங்க சரக்கைத் தள்ளுனா போடுற பொருள் குவிப்பு வழக்கு, அதான் ஆன்டி டம்பிங், டெல்லியில டி.ஜி.டி.ஆர்.ங்குற மத்திய அரசு இயக்குநரகத்துல நடக்குது. இங்க பாரிமுனையில போர்டு மாட்டி உக்காந்தா ஈ ஓட்டணும். ஆனா ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், மேல்முறையீடு போடுற தீர்ப்பாயமான செஸ்டாட்னு சுங்க வரி வேலைக்குப் போனா இந்தப் படிப்பு நல்லாவே கைகுடுக்கும், நான் அதுலதான் ஓட்டுறேன். வெளிநாடுன்னா பெர்ன்ல இருக்குற வேர்ல்ட் டிரேட் இன்ஸ்டிட்யூட் இதுக்குன்னே இருக்கு. லண்டன் பக்கம், பிரிட்டன் அரசாங்கம் குடுக்குற செவனிங் ஸ்காலர்ஷிப்ல போவணும்னா ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, அதுக்காவது கொஞ்ச நாள் இங்க ஓடுங்க.

எகனாமிக்ஸுக்கெல்லாம் பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். வெளிநாட்டுக்காரன் அவன் ஊர்ல 100 ரூபாய்க்கு விக்குறதை இங்க 80க்கு அனுப்புறான்னா டம்பிங் 20 ரூபா, ஆனா சதவீதம் போடும்போது 80க்குத்தான் போடணும், 25 வரும். நான் பரீட்சைல 20ன்னு எழுதிட்டு வந்தேன்.