மத்தேயு 1:16-இல் வரும் ‘எக்ஸ் ஹேஸ்’ யாரைக் குறிக்கிறது?

கேள்வி இதுதான்: இயேசுவின் வம்சப் பட்டியலின் முடிவில், ‘மரியாளின் கணவன் யோசேப்பு’ என்றதும் கிரேக்க மூலத்தில் ‘எக்ஸ் ஹேஸ்’ (‘யாரிடமிருந்து’) வருகிறது, அடுத்து இயேசு பிறந்தார் என்று வருகிறது. இது யோசேப்பைக் குறிக்கிறதா, இருவரையுமா?

மரியாளை மட்டும்தான். ‘ஹேஸ்’ பெண்பால், ஒருமை. யோசேப்பு என்றால் ‘எக்ஸ் ஹூ’ என்றும், இருவரும் என்றால் ‘எக்ஸ் ஹோன்’ என்றும் வந்திருக்கும்.

பொதுவான விதி எளிது. ‘ஹேஸ்’ போன்ற இணைப்புப் பிரதிப்பெயர் (ஆங்கில who, which போன்றது) பாலையும் எண்ணையும் முன்னால் உள்ள பெயரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். வேற்றுமையை மட்டும் தன் வாக்கியத்திலிருந்து எடுக்கும். ‘மரியாள்’, ‘ஹேஸ்’ இரண்டுமே இங்கே ஆறாம் வேற்றுமையில் இருப்பது தற்செயல். முன்னது ‘மரியாளின் கணவன்’ என்பதால். பின்னது, ‘எக்ஸ்’ (இலிருந்து) என்ற முன்னிடைச்சொல் அந்த வேற்றுமையைத்தான் கேட்கும் என்பதால்.

தமிழில் இப்படியொரு சொல் கிடையாது. நாம் பெயரெச்சத்தை வைத்தே சமாளிப்போம். அதனால் பழைய தமிழ் வேதாகமம் வாக்கியத்தை உடைத்து ‘அவளிடத்தில்’ என்கிறது. பெண்பால் தொலையவில்லை, நல்ல வேளை.

வினைச்சொல்லையும் பாருங்கள். அதுவரை 39 முறை ‘எகென்னேசென்’ (பெற்றான்) என்றே போன பட்டியல், இங்கே ‘எகென்னேதே’ (பிறந்தார்) என்று மாறுகிறது.

ஆனால் கன்னிப்பிறப்புக்கு இந்த ஒரு சொல்லே ஆதாரம் என்பது மிகை. இதே பட்டியலில் தாமார், ராகாப், ரூத் என்ற பெண்களின் பெயர்களோடும் அதே முன்னிடைச்சொல் (மெய்யெழுத்துக்கு முன் ‘எக்’ ஆகும்) வருகிறது, அங்கே தந்தையும் உண்டு. அந்தச் செய்தியை வெளிப்படையாகச் சொல்வது 18-ஆம் வசனம்தான்.