டிரெய்லர் இழுக்க எந்த டிரக்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய்த் தங்கும் டிராவல் டிரெய்லர் வாங்கும் ஆசையோடு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இழுக்க எந்த பிக்கப் டிரக் வாங்குவது? ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எடைகள் எல்லாம் பவுண்டில். கனடாக்காரர்களுக்கு மட்டும் கிலோவும் தந்திருக்கிறேன்.

டாலஸிலிருந்து: அக்கா, ஃபோர்டு எஃப்-150 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பவர். எங்களுக்குப் பிடித்த 28 அடி டிரெய்லரின் மொத்த எடை வரம்பே 7,000தான். நாங்கள் நான்கு பேர். தாராளமாகப் போதும்தானே?

தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்குமே, அதேதான். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் பேலோடு. நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டிக்கென்று போட்ட எண் அது. விளம்பரத்தில் வரும் 11,000 அப்படியல்ல.

டிரெய்லரின் எடை முழுவதும் பின்னால்தான் உருள்கிறது என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு, டிரெய்லரை டிரக்கோடு கோக்கும் ஹிட்ச் வழியாக டிரக்கின் முதுகில் உட்காருகிறது. இதை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லர் ஆடாமல் வர இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தாக வேண்டும். உங்கள் 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 13 சதவீதம் என்று வைத்தால் 910 பவுண்டு. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 90 பவுண்டு இருக்கும். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 490 என்று வையுங்கள். டிரக்கின் பின்தொட்டியில் சைக்கிள், ஐஸ் பெட்டி, விறகு, அடுப்பு என்று 200 சுலபமாக வந்துவிடும். கூட்டினால் 1,690.

எஃப்-150 மாதிரி டிரக்குகளை அரை டன் என்பார்கள்; அதைவிடக் கனமான வகைகள் முக்கால் டன், ஒரு டன். அரை டன் டிரக்குகளில் நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை, பனோரமா கூரை என்று எல்லாம் சேர்த்து வாங்கினால் ஸ்டிக்கரில் 1,400, 1,500தான் நிற்கும். சிலவற்றில் 1,200கூட உண்டு. உங்கள் ஸ்டிக்கரில் 1,450 என்றால் 240 பவுண்டு கூடுதலாகப் போகிறீர்கள். இழுக்கும் எல்லையிலோ இன்னும் 4,000 பவுண்டு மிச்சம் இருக்கிறது. முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் பேலோடுதான். சொகுசு கூடக் கூட அது குறையும் என்பதால், அதே எஃப்-150-இல் எளிய மாடலுக்கு 300, 400 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும். விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டிய எண்ணையும் சொல்லவில்லை.

இன்னொன்று. டிரெய்லரின் வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330-ஐத் தாண்டும். 20 பவுண்டு வாயு சிலிண்டர் நிரம்பினால் 37 பவுண்டு, பெரும்பாலும் இரண்டு இருக்கும். அப்புறம் பாத்திரம், இட்லி மாவு, அரிசி, போர்வை. மொத்த எடை வரம்பை வைத்தே கணக்குப் போட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

ஃபீனிக்ஸிலிருந்து: அந்த 11,000, 12,000 எல்லாம் எப்படித்தான் வருகிறது? சும்மா எழுதிக்கொள்கிறார்களா?

முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. பிறகு வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்று பொதுவான சோதனை முறை கொண்டுவந்தது. டொயோட்டா 2011 மாடல் டன்ட்ராவிலேயே அதை ஏற்றுக்கொண்டது. ஃபோர்டு, ஜி.எம்., ராம் ஆகிய டெட்ராய்ட் கம்பெனிகள் 2015 மாடல் வாக்கில் வந்து சேர்ந்தன. சோதனை ஏற்றம் உங்கள் அரிசோனாவிலேயே இருக்கிறது: புல்ஹெட் சிட்டி பக்கத்து டேவிஸ் அணையிலிருந்து ஏறும் 68-ஆம் எண் மாநிலச் சாலை. 11.4 மைலில் சுமார் 3,000 அடி ஏற்றம். 100 டிகிரி வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, அரை டன் டிரக் 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டியில் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு, டங் வெயிட் 10 சதவீதம் என்ற கணக்கில் நடக்கிறது. பிள்ளைகளும் சைக்கிளும் அதில் கிடையாது. அதனால் அந்த எண்ணை எஞ்சினின் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்குப் போதுமா என்று அது சொல்லாது.

நியூ ஜெர்சியிலிருந்து: எங்களிடம் ஹோண்டா ஒடிஸியும் டொயோட்டா ஹைலேண்டரும் இருக்கின்றன. டிரக் வாங்காமல் சமாளிக்க முடியுமா அக்கா?

ஒடிஸிக்கு எல்லை 3,500 பவுண்டு. ஹைலேண்டர் பெட்ரோல் என்றால் 5,000, ஹைபிரிட் என்றால் 3,500. ஸ்காம்ப் மாதிரி சின்ன ஃபைபர் கண்ணாடி டிரெய்லரோ, மடித்து விரிக்கும் பாப்-அப் டிரெய்லரோ என்றால் ஹைலேண்டர் போதும். எடை சரியாக இருந்தாலும் உயரமும் அகலமும் கூடிய டிரெய்லர் காற்றை மார்பில் வாங்கும். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அதுதான் பாரம். முன்பக்கப் பரப்பளவுக்குச் சில தயாரிப்பாளர்கள் எல்லையும் போட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் பகுதியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, கூரையிலும் பெட்டி கட்டி, அதன் பிறகு 4,500 பவுண்டு இழுப்பது மட்டும் வேண்டாம்.

சியாட்டலிலிருந்து: டீசலா பெட்ரோலா? என் நண்பர்கள் எல்லாரும் நேராக முக்கால் டன் டீசல் வாங்கு என்கிறார்கள்.

மலை ஏற இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் டீசல் மேல் ஆசை வருவது நியாயம். நான் இருக்கும் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,158 அடி உயரத்துக்குப் போகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கடல் மட்டத்தில் 400 குதிரைசக்தி தந்த எஞ்சின் அங்கே 270-க்கு இறங்கிவிடும். டர்போ இருந்தால் இந்த இழப்பு மிகக் குறைவு. அதற்கு டீசல்தான் வேண்டும் என்றில்லை, ஃபோர்டின் 3.5 ஈகோபூஸ்ட் மாதிரி டர்போ பெட்ரோலும் நன்றாக ஏறும்.

டீசல் தன் அருமையைக் காட்டுவது இறக்கத்தில். எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால் பிரேக் பெடலை அதிகம் தொடாமல் நீண்ட இறக்கத்தில் நிதானமாக இறங்கலாம். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் பயம் பெருமளவு குறையும். ஏறுவது மெதுவாக இருந்தால் நேரம்தான் போகும், இறக்கத்தில் நிற்காவிட்டால் உயிர் போகும். டிரக்கை இறக்கத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இதிலும் ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். டீசல் எஞ்சின் கனமானது. பல முக்கால் டன் டிரக்குகளுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு; வண்டியே கனத்தால் மிச்சம் சுருங்கிவிடும். எல்லா வசதியும் வைத்த சில முக்கால் டன் டீசல்களில் பேலோடு 2,000-க்கும் கீழே. அதே டிரக்கின் பெட்ரோல் மாடலில் பல நூறு பவுண்டு கூடுதல், விலையும் பல ஆயிரம் டாலர் குறைவு. 8,000 பவுண்டுக்குள் டிரெய்லர், வருடத்தில் சில பயணம் என்றால் முக்கால் டன் பெட்ரோலைத்தான் நான் சொல்வேன். டீசலை வாங்கி, தினமும் கடைக்கும் பள்ளிக்கும் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அதன் புகை வடிகட்டிக்கும் நல்லதில்லை.

சான் அன்டோனியோவிலிருந்து: பேலோடு போதவில்லை என்றால் பின் ஸ்பிரிங்கில் ஏர் பேக் என்ற காற்றுப் பை வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

வால் தாழ்வது நிற்கும். பேலோடு ஒரு பவுண்டுகூட ஏறாது. அச்சும் டயரும் பிரேக்கும் அப்படியேதானே இருக்கின்றன.

சிகாகோவிலிருந்து: பழைய டிரக்தான் என் பட்ஜெட். எதைப் பார்த்து வாங்குவது?

ஹிட்ச் கொக்கி இருப்பதாலேயே இழுக்கத் தயாரான டிரக் என்று நம்பாதீர்கள். விளக்கு இணைப்பில் ஏழு முனை இருக்கிறதா பாருங்கள். நான்கு முனை மட்டும் என்றால் டிரெய்லரின் மின் பிரேக்குக்கு வழியில்லை. டாஷ்போர்டில் கம்பெனியே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர் இருந்தால் மிக நல்லது. கியர்பெட்டிக்கு எண்ணெய் குளிர்விப்பான் உண்டா என்று கேளுங்கள்.

அச்சு விகிதத்தையும், அதாவது பின் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் விசாரியுங்கள். ஒரே டிரக், ஒரே எஞ்சின், ஆனால் 3.31 விகிதத்தோடு வந்ததற்கும் 3.73 விகிதத்தோடு வந்ததற்கும் இழுக்கும் எல்லை ஆயிரக்கணக்கில் மாறலாம். எண் கூடினால் இழுவை கூடும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். டிரக்கின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரில் ஒட்டிய எண்களையும் படியுங்கள்: பகிர்வு ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, அதோடு எவ்வளவு என்று இரண்டு எல்லை இருக்கும்.

சிகாகோ என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன், கீழே படுத்து வண்டியின் இரும்புச் சட்டத்தை (ஃபிரேம்) பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு சட்டத்தையும் பிரேக் குழாயையும் அரித்துவிடும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே துரு உதிரும். நமக்குப் பிடித்த டொயோட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2022, 2023 டன்ட்ராக்கள் பலவற்றை, எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது தங்கிய துகள்களுக்காக 2024-இல் திரும்ப அழைத்தார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.யின் தளத்தில் போட்டு, நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். காசு கிடையாது, ஒரு நிமிடம்தான்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து: மின்சார டிரக்கால் இழுக்கலாமா?

பலத்துக்குக் குறைவே இல்லை. ரிவியன் ஆர்1டி-யும் சைபர்டிரக்கும் 11,000 பவுண்டு வரை, எஃப்-150 லைட்னிங் 10,000 வரை. சிக்கல் தூரத்தில். உயரமான டிரெய்லரைக் கட்டினால் ஓடும் தூரம் பாதியாகும், எதிர்காற்றில் அதற்கும் கீழே போகும். 300 மைல் என்று எழுதியிருந்தாலும், 80 சதவீதம் சார்ஜ், கையிருப்பு எல்லாம் கழித்தால் நூறு மைலுக்கு ஒருமுறை நிற்க வேண்டிவரும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரோடு நுழைந்து வெளியே வர வழியே இருக்காது, கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கு வார இறுதிப் பயணம் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். யெல்லோஸ்டோன்வரை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

ஸ்கார்பரோவிலிருந்து: பிள்ளை, நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். அல்கொன்குயின் பூங்காப் பக்கம் போய்வர விருப்பம். ஐந்தாம் சக்கர டிரெய்லர்தான் ஆட்டம் இல்லாதது என்கிறார்கள். சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதுமா?

ஐயா, ஒன்டாரியோவின் ஜி வகுப்பு அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோ வரை இழுக்கலாம். டிரக்கின் பின்தொட்டிக்குள்ளேயே கோக்கும் ஐந்தாம் சக்கர டிரெய்லர் ஆட்டம் குறைந்ததுதான், உண்மை. ஆனால் அதன் எடையில் 20 சதவீதம் போல டிரக்கின் பின்தொட்டியில் இறங்கும். 4,000 கிலோ டிரெய்லருக்கு 800 கிலோ. பெரும்பாலான அரை டன் டிரக்குகள் அதைத் தாங்காது, முக்கால் டன் அல்லது ஒரு டன் வேண்டும். தொட்டி 5.5 அடி என்றால் திரும்பும்போது டிரெய்லர் கேபினில் இடிக்காமல் இருக்க நகரும் ஹிட்ச்சும் வேண்டும். நீங்கள் இரண்டு பேர்தானே ஐயா. 22 அடிக்குள் ஒரு டிராவல் டிரெய்லர், பேலோடு 750 கிலோவுக்கு மேல் உள்ள அரை டன் பெட்ரோல் டிரக். ஏறி இறங்க முழங்காலுக்கும் சுகம். மர நிழலில் இருக்கும் சின்ன முகாம் இடங்களும் கிடைக்கும்.

சான் ஹோசேயிலிருந்து: அக்கா, ஓட்டப்போவது நான்தான். டிரெய்லர் இடம் வலமாக ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? அதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

அந்தப் பயம் நல்ல பயம், தங்கச்சி. ஆடத் தொடங்கியதும் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருத்தவும் போகாதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் கைப்பிடி இருக்கும். அதை மெதுவாக அழுத்துங்கள், டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். கிளம்பும் முன், நிற்கும் வண்டியில் அந்தக் கைப்பிடியைக் கண் பார்க்காமல் தொட்டுப் பழகுங்கள்.

ஆட்டம் அநேகமாக மூட்டை வைப்பதிலேயே தொடங்குகிறது. கனமானவை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின் பம்பரில் சைக்கிள் மாட்டினால் முன்னால் டங் வெயிட் குறைந்துவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நீளம் கூடிய டிரக் நிதானமாக நிற்கும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படி 55 மைல்தான், ஐ-5-இல் மற்றவர்கள் எப்படிப் பறந்தாலும்.

அட்லாண்டாவிலிருந்து: டிரக்கும் டிரெய்லரும் வாங்கியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். எல்லாரும் ஏறி, தண்ணீரும் சாமானும் பயணத்துக்குப் போவது போலவே நிரப்பிக்கொண்டு போங்கள். மூன்று முறை எடை போடுங்கள்: டிரெய்லர் கோத்து, பகிர்வு ஹிட்ச்சின் கம்பிகளை மாட்டி ஒரு முறை, கம்பிகளைக் கழற்றி ஒரு முறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒரு முறை. கம்பி இல்லாதபோது வந்த டிரக் எடையிலிருந்து டிரக் மட்டும் நின்ற எடையைக் கழித்தால் உங்கள் உண்மையான டங் வெயிட். அது டிரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். டிரெய்லர் கோத்ததால் டிரக்கின் முன் அச்சு இழந்த எடையில், கம்பி மாட்டியதும் எவ்வளவு திரும்ப வந்தது என்று பார்த்து, உங்கள் டிரக் கையேடு சொல்லும் அளவுக்குக் கம்பிகளின் இறுக்கத்தைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். ஒவ்வொரு அச்சும் கதவுத் தூணில் எழுதிய அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் அங்கே தரும் எடைச் சீட்டிலேயே தெரியும். மூன்று சீட்டையும் டிரக்கிலேயே வைத்திருங்கள். டிரெய்லரில் புதிதாக எதையாவது கனமாக ஏற்றும்போது ஒப்பிட உதவும்.